வெளிநாடு போகும் செவிலியர்: ரெஸ்யூமேயை எழுதியது யார்?

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் செவிலியர்களின் ரெஸ்யூமேக்களைப் பத்துப் பதினைந்து சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று பிடிபடும். எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறார். சேலத்துப் பெண்ணும் நாகர்கோவில் பெண்ணும், பிரசவ வார்டில் இருந்தவரும் டயாலிசிஸ் பிரிவில் இருந்தவரும், 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் முன்னேற்றத்துக்குப் பாடுபடுவதே என் நோக்கம்' என்றுதான் தொடங்குகிறார்கள். அப்புறம் தந்தை பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. முடிவில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி. பார்த்த வேலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நான்கே வரி: மருந்து கொடுத்தல், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்தல், டாக்டருக்கு உதவுதல், கேஸ் ஷீட் எழுதுதல்.

ஏஜென்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ பல வருஷமாகக் கிடக்கும் ஒரு ஃபைலில் பெயரையும் போட்டோவையும் மாற்றி எடுத்துக் கொடுத்த தாள் இது. அந்தச் செவிலியரைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் இதற்கும் காசு வாங்கியிருப்பார்கள்.

இந்தத் தாள் அங்கே யார் கைக்குப் போகிறது என்று பார்க்கலாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையான என்எச்எஸ் மருத்துவமனை ஒன்று வேலைக்கு அறிவிப்பு விட்டால், கூடவே 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஒரு பட்டியல் வரும். படிப்பு, பதிவு, அனுபவம், திறன் என ஒவ்வொன்றிலும் கட்டாயம் வேண்டியது எது, இருந்தால் நல்லது எது என்று பிரித்திருப்பார்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர், பெரும்பாலும் அந்த வார்டின் பொறுப்பாளரான ஒரு மூத்த செவிலியர், பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் விண்ணப்பத்தில் ஆதாரம் தேடுவார். இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை. 'டாக்டருக்கு உதவினேன்' என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. மதம் என்ன என்பதற்கும்தான்.

உதாரணத்துக்கு, நூறு படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் மூன்று வருஷம் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நைட் டூட்டி. இரவு இரண்டு மணிக்கு வென்டிலேட்டர் அலாரம் அடிக்கிறது. ஓடிப்போய்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். சளி அடைத்திருப்பது தெரிந்து சக்ஷன் போடுகிறார். ஆக்சிஜன் அளவு ஏறுகிறதா என்று மானிட்டரைக் கவனிக்கிறார். டூட்டி டாக்டருக்குப் போன் செய்து நிலவரத்தை நாலே வாக்கியத்தில் சொல்கிறார். டாக்டர் மாடி ஏறி வருவதற்குள் ரத்த வாயு பரிசோதனைக்கு எல்லாம் தயார். அடுத்த படுக்கையில் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து, எழுதி வைத்த உத்தரவுப்படி கூட்டியும் குறைத்தும் விடுகிறார். மணிக்கொரு தரம் சிறுநீர் அளவு. இரண்டு மணிக்கொரு தரம் புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது. நடுவே, கதவுக்கு வெளியே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் மகனுக்கு நாலு வார்த்தை.

இவ்வளவையும் மூன்று வருஷம் செய்தவர் ரெஸ்யூமேயில் 'ஐசியு - 3 ஆண்டு' என்று எழுதுகிறார். அதையே இப்படி எழுதலாம்: '2020 ஜூன் முதல் 2023 ஜூலை வரை, 100 படுக்கை மருத்துவமனையில் 12 படுக்கைப் பொதுத் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஷிப்டுக்கு இரண்டு நோயாளிகள், பெரும்பாலும் வென்டிலேட்டரில் இருப்பவர்கள். மூச்சுக்குழாய் சக்ஷன், ட்ரக்கியாஸ்டமி பராமரிப்பு, ரத்த வாயு மாதிரி எடுத்தல், இன்ஃப்யூஷன் பம்ப் வழியாக ரத்த அழுத்த மருந்துகள் - தனியாகச் செய்வேன். டயாலிசிஸ் - மேற்பார்வையில் செய்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தேன்.' ஒரு சொல்கூட அலங்காரம் இல்லை. எண், இயந்திரம், நோயாளியின் நிலை, தனியாகவா மேற்பார்வையிலா என்ற நேர்மை, இவ்வளவுதான். படிப்பவருக்கு அந்த வார்டு கண்ணில் தெரியும். தன் வார்டில் இவரை எந்தப் படுக்கைப் பக்கம் நிறுத்தலாம் என்றும் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுச் செவிலியர்கள் கையில் இருந்தும் எழுதாமல் விடுவது இன்னொன்று உண்டு. மருத்துவமனைத் தரத்துக்கான தேசிய வாரியமான என்ஏபிஎச்சின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள் மருந்துத் தவறு அறிக்கை, கீழே விழும் அபாயத்தைக் கணக்கிடும் மதிப்பெண், கை கழுவும் தணிக்கை, ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர் படிவம் என எல்லாவற்றையும் தினசரி செய்தவர்கள். ஆய்வுக்கு ஆள் வரும் வாரத்தில் இந்தப் படிவங்களோடு பட்ட பாட்டைப் புலம்பாத சிஸ்டர் இருக்க மாட்டார். அந்தப் புலம்பல்தான் வெளிநாட்டில் விலைபோகும் அனுபவம். பிரிட்டன் வார்டுகளில் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க 'நியூஸ்-2' என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. அதைப் போன்ற ஒன்றை இங்கே நிரப்பிய கை என்றால் எழுதியே ஆக வேண்டும்.

தாள் எப்படி இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனுக்கு போட்டோ, பிறந்த தேதி, மதம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். ஜெர்மனியில் 'லேபன்ஸ்லாஃப்' என்பார்கள்: அட்டவணை வடிவம், மாதமும் வருடமும் இடைவெளியில்லாமல், பெரும்பாலும் போட்டோவோடு, கீழே தேதியும் கையெழுத்தும். வளைகுடா நாடுகளில் போட்டோவும் நாட்டுரிமையும் கேட்பார்கள். உயிர்காக்கும் அவசர சிகிச்சைப் பயிற்சிகளான பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் சான்றிதழ்களை எங்கே காட்டினாலும் காலாவதித் தேதியோடு காட்ட வேண்டும். இரண்டு வருஷம்தான் செல்லும். ஒரே பிடிஎஃப்பை ஐந்து நாட்டுக்கும் அனுப்புவது, ஐந்து நாட்டுக்கும் அனுப்பாமல் இருப்பதற்குச் சமம்.

நேர்காணலுக்கு வருவோம். அங்கே நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஆங்கிலம்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'உங்கள் சக செவிலியர் தவறான மருந்தைக் கொடுக்கப் போவதைப் பார்க்கிறீர்கள், என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால், 'டாக்டரிடம் சொல்வேன்' என்கிறோம். எதிர்பார்க்கும் பதில் வேறு: முதலில் தடுப்பேன், நோயாளி பத்திரமாக இருக்கிறாரா என்று பார்ப்பேன், மேலே தெரிவிப்பேன், சம்பவத்தைப் பதிவு செய்வேன், மருந்து போய்விட்டிருந்தால் நோயாளியிடமும் உண்மை சொல்லப்படுவதை உறுதி செய்வேன். இங்கே 'டாக்டர் சொன்னார், செய்தேன்' என்றே பழக்கப்படுத்தப்பட்டவர்களுக்கு இது ஒரு ராத்திரியில் வராது. உத்தரவு தவறாகத் தெரிந்தால் திருப்பிக் கேட்பது அங்கே செவிலியரின் கடமை. நிஜத்தில் இங்கேயும் பல சிஸ்டர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லத்தான் பழக்கமில்லை. அப்படித் திருப்பிக் கேட்ட ஒரு சம்பவத்தை, நோயாளியின் பெயர் அடையாளம் இல்லாமல், நேர்காணலுக்கு முன்பே சொல்லிப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஜெர்மனி போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையைச் சுத்தம் செய்வது எல்லாம் அங்கே படித்த செவிலியரின் வேலை. இங்கே அதைக் கூடவே இருக்கும் சொந்தக்காரரோ ஆயாம்மாவோ பார்த்துக்கொள்கிறார்கள். ஐசியுவில் நிமிர்ந்து நின்ற ஒருவருக்கு, போன புதிதில் முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டச் சொன்னால் மனசு சுருங்கத்தான் செய்யும். பி.எஸ்சி. படித்ததற்கு இதுவா என்று அம்மாவுக்குப் போன் போட்டு அழுபவர்கள் உண்டு. அங்கே அது தாழ்ந்த வேலை இல்லை. குளிப்பாட்டும்போதுதான் தோலையும் மூச்சையும் மனநிலையையும் செவிலியர் பரிசோதிக்கிறார். ரெஸ்யூமேயில் இந்த அடிப்படைப் பராமரிப்பைப் பற்றி இரண்டு வரி இருந்தால், வேலை என்னவென்று தெரிந்து வருகிறார் என்று புரிந்துகொள்வார்கள்.

இனி, எல்லாவற்றுக்கும் பெரிய முடிச்சு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்.

வளைகுடா நாடுகளின் சுகாதார அமைப்புகள் உரிமம் கொடுக்கும் முன் 'டேட்டாஃப்ளோ' என்ற சரிபார்ப்பு நிறுவனம் வழியாகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கின்றன. நீங்கள் கொடுத்த நகலை யாரும் நம்புவதில்லை. கல்லூரிக்கும், செவிலியர் கவுன்சிலுக்கும், வேலை பார்த்த மருத்துவமனைக்கும் நேரடியாகக் கேள்வி போகும்: இவர் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தப் பதவியில் இருந்தாரா? மருத்துவமனை 'இல்லை' என்றால் கதை முடிந்தது. பதிலே சொல்லாவிட்டால் விண்ணப்பம் நடுவழியில் நிற்கும். கவுன்சிலில் பதிவு செய்வதற்கு முன் பார்த்த வேலையை அனுபவமாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. படிப்பு முடிந்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவை ஒரு வருஷம் தள்ளிப்போட்டவர்கள் அந்த ஒரு வருஷத்தை இழக்கிறார்கள்.

தேதிகளில் இடைவெளி இருந்தால் பயந்து மறைக்க வேண்டியதில்லை. கல்யாணம், பிரசவம், மாமியார் உடம்பு சரியில்லாதது, தேர்வுக்குப் படித்தது எல்லாம் மனிதர்களுக்கு நடப்பவைதான். '2021 மார்ச் முதல் 2022 ஜனவரி வரை: மகப்பேறு' என்று ஒரு வரி எழுதினால் போதும். மறைக்கப் போய், ஏஜென்ட் 'இரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கலாம், நாப்பதாயிரம் ஆகும்' என்று சொல்வதில் விழுவதுதான் ஆபத்து. போலி என்று பதிவாகிவிட்டால் அந்த ஒரு விண்ணப்பத்தோடு போகாது. வாழ்நாள் முழுக்கத் துரத்தும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பள்ளிகள் சில 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோக்களை விற்றது 2023-இல் வெளியே வந்தது. நைஜீரியாவின் இபாடன் நகரில் ஒரு தேர்வு மையத்தில் பிரிட்டன் செவிலியர் தேர்வில் முறைகேடு நடந்ததும் அதே ஆண்டு அம்பலமானது. அதன்பின் எல்லா நாடுகளிலும் கண்கள் கூர்மையாகியிருக்கின்றன. அந்த மையத்தில் நேர்மையாக எழுதியவர்களும் மறுபடி எழுதும் நிலை வந்தது.

அடுத்து நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். கவிதா. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். அனுபவச் சான்றிதழில் மருத்துவமனைக்காரர் வாயில் வந்தபடி எழுதியது. வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் நாலு பேர். எல்லாரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான் இனி எங்கும் எழுதுவேன் என்று முதல் வேலையில் சேரும் அன்றே முடிவு செய்வது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்காக ஒருவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும். அவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி செவிலியரிடம் ஏஜென்ட் கட்டணமே வாங்கக் கூடாது. மருத்துவமனைதான் கொடுக்க வேண்டும். இருந்தும் லட்சக்கணக்கில் கைமாறுகிறது. 2015-இல் கொச்சியில் சிபிஐ ஒரு வழக்குப் போட்டது: குவைத் வேலைக்கு ஒரு செவிலியரிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அந்த ஆண்டுதான் குவைத், சவுதி உட்பட 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது.

இந்தப் பணத்தைக் கட்ட வாங்கும் கடன் என்ன செய்யும் என்பதற்கு 2014 ஜூலையை நினைத்துக்கொள்ளலாம். இராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் போருக்கு நடுவே சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் மீட்கப்பட்டுக் கொச்சிக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் கேரளத்தவர், தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அதில் இருந்தார். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரிலிருந்து கிளம்ப அவர்களில் பலர் தயங்கியதற்குக் காரணம், சம்பளப் பாக்கியும் ஊரில் நிற்கும் கடனும். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம், ஆபத்து வந்தாலும் ஆளை நகரவிடாது.

பிரிட்டனில் 'கேர் வொர்க்கர்' விசா என்று சொல்லி, செவிலியர் படிப்பு முடித்தவர்களையே முதியோர் பராமரிப்பு வேலைக்கு லட்சங்கள் வாங்கிக்கொண்டு அனுப்பிய கூத்து சில வருஷம் நடந்தது. போன இடத்தில் வேலையே இல்லாமல் நின்றவர்கள் உண்டு. அந்த விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையோடு பிரிட்டன் நிறுத்திவிட்டது. இன்னமும் அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால், அவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

எந்த நாடு என்பதை ஏஜென்ட்டின் விளம்பரப் பலகை தீர்மானிக்கக் கூடாது. பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 வேண்டும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி. செவிலியர் பதிவுக்கான கணினித் தேர்வை இங்கேயே எழுதலாம், செய்முறைத் தேர்வு அங்கே போய். என்எச்எஸ் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது சில வருஷத்துக்கு முன்பிருந்த வேகத்தில் இப்போது இல்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை இல்லாமல் முழு அங்கீகாரம் கிடைக்காது. அதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. அமெரிக்காவுக்கு, செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை முடித்தாலும் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பத்து வருஷத்துக்கும் மேல் நீளும். ஆஸ்திரேலியா 2025 ஏப்ரலில் ஒரு வாசலைத் திறந்தது: பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்திருந்தால், ஆஸ்திரேலியாவில் தேர்வில்லாமலே பதிவு பெற வழியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் தமிழ்ச் செவிலியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015-இல் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களின் தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017-இல் சென்னையில் சுகாதாரத் துறையின் டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியதை மறந்திருக்க மாட்டோம். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016-இலேயே பரிந்துரைத்தது. மாவட்டத் தலைநகரங்களின் நர்சிங் ஹோம்களில் போய்க் கேட்டுப் பாருங்கள், பரிந்துரை எங்கே நிற்கிறது என்று தெரியும். போகாதே என்று சொல்ல நமக்கு வாயில்லை. போகிறவரை ஏமாறாமல் அனுப்பலாம்.

கேரளம் தன் அரசு நிறுவனமான நோர்கா வழியாக 2021-இல் ஜெர்மனி அரசின் 'ட்ரிபிள் வின்' செவிலியர் ஆள்சேர்ப்புத் திட்டத்தோடு கைகோத்தது. மொழிப் பயிற்சிக்குச் செவிலியர் கையிலிருந்து பணம் போகாது. தமிழ்நாட்டிலும் 1978 முதல் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயரே தெரியாமல் நர்சிங் கல்லூரியை விட்டு வெளியே வரும் மாணவிகள் ஏராளம். கடைசி வருஷ மாணவிகளுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்து, அவரவர் வார்டு அனுபவத்தை அவரவர் கையால் எழுதவைக்கக் கல்லூரிகளால் முடியாதா? கேம்பஸ் இன்டர்வியூ என்று பேனர் கட்டுவதைவிட இது மலிவு.

மருத்துவமனைகள் விஷயத்தில் அரசே தலையிட வேண்டும். பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைப்பதும், வேலையை விட்டுப் போகிறவருக்கு அனுபவச் சான்றிதழ் தராமல் மாதக்கணக்கில் அலையவிடுவதும், டேட்டாஃப்ளோ கேள்விக்கு வேண்டுமென்றே பதில் போடாமல் இருப்பதும் தனியார் துறையில் சர்வசாதாரணம். போலிச் சான்றிதழ் சந்தைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இந்த அடாவடிதான். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றுத்தான் இந்த மருத்துவமனைகள் நடக்கின்றன. பணிவிலகிய 15 நாளுக்குள் வார்டு, படுக்கை எண்ணிக்கை, பதவி, தேதி எல்லாம் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அசல் சான்றிதழ் எதையும் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்ப்புக் கேள்விக்கு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் பதிவைப் புதுப்பிப்பதற்கான நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். கஜானாவுக்குப் பெரிய செலவில்லாத இந்த வேலையைச் சுகாதாரத் துறை இந்த ஆண்டே செய்யட்டும்.